நாரிக்கு ஒரு கதவு

நெல்மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்ட நாரியோடு, நிமிராத இடுப்போடு, மாங்குளத்தில் டொக்டரைப் பார்க்க வரிசையில் நின்றேன். இனி நடக்கவே மாட்டேன் என்று முடிவுகட்டி, சைக்கிளை மச்சானுக்கு எழுதியும் வைத்துவிட்டேன், மனதுக்குள். முன்னால் இரண்டு பெண்கள் கதைத்தார்கள்.

"அக்கா, எங்கடை மனுசனுக்கு நாரியைச் சுகமாக்கினது கதவுதான்."

"கதவோ?"

"ஓம். முள்ளந்தண்டுத் தட்டு விலகிட்டுதாம். ஒப்பரேசன் வேண்டாம், பலகையிலை படுக்கட்டும் எண்டார் டொக்டர். பலகைக்கு எங்கை போறது? இடம்பெயரேக்கை வண்டிலிலை ஏத்திவந்த வீட்டுக்கதவைக் கொட்டில் வாசலாலை கழட்டிப் போட்டன்."

"அப்ப வாசல்?"

"திறந்தபடிதான். தெருநாயும் வந்து கதவிலை அவருக்குப் பக்கத்திலை படுத்திட்டுது. மூண்டு கிழமையிலை மனுசன் எழும்பித் தண்ணி அள்ளுறார்."

"பிறகென்ன, கதவைத் திருப்பி வாசலுக்குப் பூட்டுமன்."

"நாய் எழும்புதில்லை, அக்கா."

மச்சானிடமிருந்து சைக்கிளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், அதையும் மனதுக்குள்தான்.