சத்திரத்து வளைவு

எங்கள் சத்திரத்து வாசலில் மழைத்தண்ணீர் தேங்கும். அதனால்தான் நுழைவு வளைவின் கீழே புதிதாகக் கல் பாவினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், ஐயா. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

லண்டன் சாலையில் எங்கள் வளைவுதான் தாழ்வானது. அதன் மேலிருக்கும் அறையில் பிறந்தேன். இன்றும் அங்கேதான் படுக்கிறேன். கீழே குதிரை வண்டி நுழைந்தால் கட்டில் அதிரும். அந்த அதிர்வு இல்லாத நாளில் எனக்கு இருப்புக்கொள்ளாது. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

அப்பா போனபின் சத்திரத்தில் பாதி என் தம்பி ஜெத்ரோவுக்கு.

"பெரிய வண்டியெல்லாம் எதிர்ச் சத்திரத்துக்குப் போயிடுது அண்ணே. வளைவை இடிச்சுடலாம்."

"மேல என் ரூம் இருக்குடா."

"முற்றத்தைச் சுத்தி மாடி பூரா ரூம்தானே? அதையே பேய் மாதிரி பிடிச்சுத் தொங்கறியே!"

கொத்தனாரைப் பேசி முடிக்க அவன் லண்டனுக்குப் போனான். நான் கல் பாவ ஆரம்பித்தேன்.

வண்டிக் கூரைமேல் வருகிறவர்கள் வளைவில் குனிந்தாக வேண்டும். வண்டியோட்டி தோபியாஸ் குரல் கொடுத்ததும் புதியவர்கள் பயந்து படுத்தே விடுவார்கள். ஜெத்ரோ மட்டும் கடைசி நொடியில் தலையைச் சாய்ப்பான். அவன் தொப்பிக்கும் கல்லுக்கும் நடுவே நாலு விரல்தான் இருக்கும். சின்ன வயதில் வைக்கோல் வண்டிமேல் என் மடியில் உட்கார்த்தி அந்த அளவைப் பழக்கியவன் நான்தான்.

தரையை ஒரு சாணுக்கு மேல் உயர்த்தினேன். பிறகு வண்டி ஒன்றின் கூரையில் படுத்துக்கொண்டு, கம்பில் தொப்பியை மாட்டி, அவன் சாயும் உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். தொப்பி நசுங்கிப்போனது. போதும் என்று தோன்றியது.

அவன் திரும்பி வந்தபோது நான் மேலே சன்னலில் நின்றேன்.

"தலை! எல்லாரும் தலை!" என்றான் தோபியாஸ்.

"எங்கிட்டயேவா? நான் கண்ணை மூடிக்கிட்டே குனிவேன்யா!" ஜெத்ரோ சிரித்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தான். நான் கத்தியிருக்கலாம். நானும் கையசைத்தேன். கட்டில் அதிர்ந்தது.

அவனை நினைத்து அழுதேன், ஐயா. அது பொய்யில்லை.

ஆனால் நேற்று விசாரணையில், ஆளைக் கொன்றது அந்த வளைவு, அதை இடித்துப்போட வேண்டும் என்று முடிவாயிற்று. இரவெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் ஓடிவந்தேன். என்னைத் தூக்கில் போடுங்கள். அந்த வளைவு ஒரு பாவமும் அறியாதது.