பொலிஸ் பதிவில் எழுதுவித்த பேரன்

பெயர்: நவரத்தினம் கனகேஸ்வரி
வயது: 69
படிப்பு: மூன்றாம் வகுப்பு
தொழில்: இல்லை
விலாசம்: முஹம்மது என்பவரின் மாடிவீட்டுப் பின் அறை, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
திகதி: 1997 ஓகஸ்ட் 21, பி.ப. 3.40
தமிழில் பதிந்தவர்: பொலிஸ் கொன்ஸ்டபிள் பௌஸி

மேற்படி விலாசத்தில் நான் 1991 முதல் வசித்து வருகிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், கோண்டாவில். கணவர் இறந்துவிட்டார். என் ஒரே மகன் நமசிவாயம் கலியாணம் கட்டாமலே 1990இல் செல் குண்டு விழுந்து இறந்தார். வேறு பிள்ளைகள் இல்லை. ஆகையால் பேரப்பிள்ளைகளும் இல்லை.

நேற்றுக் காலை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்ட சிவபாலன் (வயது 22) ஊரில் என் அடுத்த வளவுச் சிவமணியின் மகன். பங்குக் கிணற்றில் என் முறை நாளில் அவ தண்ணீர் இறைத்ததால் எனக்கும் அவவுக்கும் பதினொரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. 1996 மார்ச் மாதம் இவர் அவவின் கடிதத்தோடு என் கதவடியில் வந்து நின்றார். கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. "பிள்ளையை உங்களிட்டை அனுப்பிறன்" என்று மட்டும் இருந்தது. அவரை நான் உள்ளே எடுத்தேன்.

அதன் பின்னர், வடக்கிலிருந்து வந்தவரை வீட்டில் வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும் என்பதால், தபாற்கந்தோருக்கு முன்னால் இருந்து பெட்டிசன் எழுதும் வின்சன்ற் என்பவரிடம் படிவத்தை நிரப்பக் கொடுத்தேன்.

"ஆச்சி, உறவுமுறை என்ன போடுறது?"

"பேரன். மகளின்ரை மகன்."

"உங்களுக்கு மகள் இருக்கா?"

"இப்ப பிறந்திட்டாள். நீ எழுது."

உறவில்லாத இளந்தாரிகளைத்தான் பொலிசார் முதலில் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று ஊரிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் சொன்னதால் அப்படிச் செய்தேன். சிவபாலன் மருதானையில் ஒரு பட்டறையில் இரும்பு தூக்குகிறார். சம்பளம் ஆயிரத்து எண்ணூறு ரூபா. படிவத்தில் நான் அவரைக் கணக்கெழுதுபவர் என்றும் சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா என்றும் எழுதுவித்தேன். நல்ல சம்பளக்காரனைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நம்பினேன். இது எதுவும் சிவபாலனுக்குத் தெரியாது. அவர் அந்த நேரம் வேலையில் நின்றார். அந்தப் பதிவைக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்தேன். அதன் பின்னர் நான்கு தடவை சோதனைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவரை விட்டுச் சென்றார்கள்.

எனக்கு மாதம் இருநூறு ரூபா பொதுசன உதவிப் பணம் கிடைத்து வந்தது. ஊரில் அதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள். சீனி வருத்தத்துக்கான (நீரிழிவு) குளிசை அதில்தான் வாங்கினேன். இந்த வருடம் ஜூலை 8ஆம் திகதி வருமானம் பார்க்க யோகநாதன் என்ற உத்தியோகத்தர் வந்தார். அடுப்பைப் பார்த்தார், அரிசித் தகரத்தைத் திறந்து பார்த்தார், அதன் பின்னர் கொடியில் காய்ந்த, ஆண்கள் போடும் களிசானைப் பிடித்து, "இது ஆற்றை?" என்று கேட்டார். பதிவில் உள்ளபடி "பேரன்ரை" என்றேன். அவர் கதவடிக்குப் போய்ப் பதிவைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். "நாலாயிரத்து ஐந்நூறு வாற வீட்டுக்குப் பிச்சைச் சம்பளமோ? ஆச்சி வலு கெட்டிக்காரி" என்று சிரித்தார். மேல் பல்லில் ஒன்று தங்கம். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 12ஆம் திகதி தபாற்கந்தோரில் என் பெயரை வெட்டியாயிற்று என்றார்கள். 14ஆம் திகதி நான் யோகநாதனின் கந்தோருக்குப் போய், காலை எட்டு மணி முதல் இரண்டு மணி வரை வாங்கில் உட்கார்ந்திருந்து, அதன் பின்னர் எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, "அவன் என்ரை பேரன் இல்லை, ஊர்ப் பொடியன். அவன்ரை சம்பளத்துக்கு என்ரை காசை ஏன் வெட்டினனீர்?" என்று கேட்டேன். "அப்ப அதை எழுத்திலை தாங்கோ" என்றார். ஒரு கிளாக்கர் எழுத, நான் கையெழுத்து வைத்தேன். பிரதி பொலிசுக்கும் போகும் என்று யோகநாதன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்து, வரும் வழியில் சிவபாலனின் சாப்பாட்டுக்குச் சீனிச்சம்பல் வாங்கினேன். என்ன விசேஷம் என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பொலிசார் அந்தக் கடிதத்தோடு வந்தார்கள். பேரன் இல்லையென்றால் இவர் யார், பொய் உறவு சொல்லி ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டார்கள். சிவபாலன் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "ஆச்சி, நீங்களோ எழுதிக் குடுத்தனீங்கள்?" என்றார். "ஓம்" என்றேன். அவர் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு போனார்.

சிவபாலனுக்கு ஆயுத இயக்கத்தோடு தொடர்பு உண்டா என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: இல்லை. ஏழு மணிக்கு வேலைக்குப் போவார், ஆறரைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை தன் உடுப்போடு என் தலையணை உறையையும் தோய்ப்பார். அவரின் பெயரும் அடையாள அட்டையும் உண்மையானவை. உறவும் சம்பளமும் நான் எழுதுவித்த பொய்.

நாளைக் காலை அவரை வேறிடத்துக்கு ஏற்றப் போவதாக வாசலில் சொன்னார்கள். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. பொய்ப் பதிவு கொடுத்தது நான். அடைப்பதென்றால் என்னை அடைக்கட்டும். என் காசை வெட்டும்போது அவர் என் வீட்டு ஆள், பிடித்து அடைக்கும்போது ஆரோ ஒருவர் என்றால் அது எந்த நியாயம்? உதவிப் பணம் எனக்கு வேண்டாம். வெட்டியது வெட்டியபடி இருக்கட்டும். ஆனால் யோகநாதனின் பைலை நாளைக்கு முன் இங்கே எடுப்பித்துப் பாருங்கள். சிவபாலன் என் அறையில் இருக்கிறார், என் உலைச் சோறு சாப்பிடுகிறார் என்று அதில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் நேரில் பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார். ஒளித்து வைத்த ஆளின் களிசான் கொடியில் காயுமா?

பௌஸி தம்பி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. பயமில்லாமல் சொன்னதாக முடிவில் எழுத வேண்டும் என்றார். அதை எழுத வேண்டாம் என்றேன். பயத்தில்தான் சொன்னேன்.

(ஒப்பம்) ந. கனகேஸ்வரி