பத்தடி வழி

தங்கச்சி இல்ல, சந்தைக்குப் போயிருக்கா. பயப்படாம உக்காரு தீர்த்தகிரி. அந்தக் கல்லு மேல உக்காரு, ஒண்ணும் கடிச்சிடாது. வாசல்ல வந்தவன நிக்க வச்சே பேசி அனுப்பிட்டாள்னு நாளைக்கு உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவா, எனக்கு எதுக்கு அந்தப் பேச்சு.

இன்னா முழிக்கிற? ஆமா, பேர் சொல்லித்தான் கூப்புட்டேன். மாப்ளன்னு கூப்புட்ட காலம் ஒண்ணு இருந்துது, அது போச்சு. நீ மட்டும் இன்னா, பதிமூணு வருசமா வழியில என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போனவன். இன்னிக்கு வாய் நிறைய அக்கான்றே. கேக்க நல்லாத்தான் இருக்குது. இன்னொரு தபா சொல்லேன். வேணாமா? சரி வுடு.

வெத்தல பாக்கு அப்படியே இருக்கட்டும். நான் இப்ப போடறதில்ல, கடவாப்பல்லு வலி. தட்டுல வச்சு முறையா எடுத்துக்கினு வந்திருக்க, அதுவரைக்கும் சந்தோசம்.

சொல்லு, வந்த சங்கதி இன்னா. கண்ணாயிரம் பொண்டாட்டி தண்ணிக்கு வந்தப்பவே காதுல போட்டுட்டாதான், இருந்தாலும் உன் வாயால கேக்கணும் இல்ல. புது ரோட்டுலேந்து உன் வூட்டு வரைக்கும் பத்தடி அகலத்துக்கு என் கொல்லய வெட்டி உனக்கு விக்கணும். லாரி ஏறணும். அதான?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா. தெனம் இங்கேந்து பார்த்துக்கினுதான இருக்கேன். ஒரு பக்கம் ஓடை, ஆடு வுழுந்தாகூட எலும்பு மிஞ்சாது. இன்னொரு பக்கம் பாரஸ்ட்காரன் கல்லு நட்டு வச்சுட்டான். ஒத்தையடிப் பாதையில ஆளு நடந்தா கண்டுக்க மாட்டான், வண்டி மாடுன்னா கேஸு எழுதிடுவான். முதுகுல மலை. முன்னால நான். போளூர் வியாபாரி ரோட்டுல லாரிய நிறுத்திக்கினு ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறான். நீங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் புளி மூட்டைய தலையில வச்சுக்கினு என் கொல்லயில எறங்கி வர்றீங்க, மறுபடி ஏறிப் போறீங்க, மறுபடி எறங்கறீங்க. போன மாசம் அவ கால் வழுக்கி மூட்டையோட உக்காந்துட்டா. நான் அடுப்பாண்ட இருந்து பார்த்தேன். பொய் சொல்லுவானேன், எனக்குப் பார்க்க நல்லாத்தான் இருந்துது.

கோச்சுக்காத. மனசுல இருக்கறத உள்ள வச்சுக்கினு வாயில ஒண்ணு பேச எனக்கு வராது.

ரோடு உன் பக்கமா மேலால போறதாத்தான இருந்துது? நீகூட சர்வே பண்ண வந்தவங்களுக்குக் கோழி அடிச்சுப் போட்டியே. பாறை குறுக்க வந்துதுன்னு கீழால திருப்பிட்டாங்க. அதுக்கு நான் யாருக்கும் ஒரு முட்டைகூடக் குடுக்கல. என் வூட்டுக்காரரு உயிரோட இருந்தப்போ இந்தக் கீழ்க்கொல்லய உன்கிட்ட மாத்திக்கலாம்னு கேட்டாரு, ஞாபகம் இருக்குதா? அந்தக் கரட்டுல சாமை முட்டி உசரம்கூட வராது, எனக்கு எதுக்குன்னு சொல்லி அனுப்பிட்ட. இப்ப அதே கரடு.

கேட்ட வெலை குடுக்கறேன்றே. கறவ மாடு ஒண்ணும் சேர்த்து ஓட்டிக்கினு வர்றேன்றே. குடுப்ப, குடுப்ப. ஓட்டு வூடு கட்டப் போறியாமே, செங்கல்லு மேல ஏத்த வண்டி வழி வேணும், வாஸ்தவந்தான். ஒரு வழி இல்லாட்டி மனுசன் இன்னா பண்ணுவான். நீ நடக்கறத நான் ஒரு நாளாவது தடுத்திருக்கேனா? நீதான் சொல்லேன். ஒரு முள்ளு வெட்டிப் போட்டிருக்கேனா?

இன்னா சொன்ன? பழசெல்லாம் மறந்துடலாமா?

நீ மறந்துட்டியா? நல்ல மனசு உனக்கு. எனக்கு அப்படி வராது தீர்த்தகிரி, நான் வேற மாதிரி பொறந்தவ. உக்காரு, எங்க எழுந்திருக்கற. கேட்டுட்டுப் போ. என் கொல்லய கேக்க வந்தவன் என் பேச்சையும் கேக்கணும்.

அம்மை போட்ட வருசம். நம்ம ஊர்ல மட்டும் ஏழு பேரு. உன்னக் கட்டிக்கினு இருந்த என் தங்கச்சி பூங்கோதைக்குப் போட்டப்போ அவள உன் கொத்துக்காட்டுக் காவல் குடிசையில கொண்டு போய் வுட்ட. அதுக்கு நான் உன்னக் குத்தம் சொல்லல, அம்மை கண்டவங்கள தனியா வைக்கறது ஊர் வழக்கந்தான். ஆனா கூட ஒரு ஆளு இருக்கணுமா இல்லியா? ஒரு கொத்து வேப்பிலையும் ஒரு பானை தண்ணியும் வச்சுட்டு வந்தவன்தான், திரும்பிப் பார்க்கல. நானும் இதே ஊர்லதான இருந்தேன், எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பல. மூணாம் நாளு ஆடு மேய்க்கற மங்கம்மா வந்து, அக்கா குடிசைக்குள்ள முனகல் சத்தம் கேக்குதுன்னா. ஓடறேன். பானை கவுந்து கெடக்குது. தண்ணி கொட்டுன எடத்துல ஈர மண்ண நக்கியிருக்கா தீர்த்தகிரி. உதட்டுல மண்ணு ஒட்டிக்கினு இருந்துது.

பத்தொம்போது நாளு நான் பக்கத்துல கெடந்தேன். ஆத்தா என்னை வேணாம்னு வுட்டுட்டா. அவளோட ஒரு கண்ண எடுத்துக்கினு போய்ட்டா. தலைக்குத் தண்ணி ஊத்தி, என் கல்யாணப் பொடவய கட்டிவுட்டு, நானேதான் உன் வூட்டுக்கு இட்டுக்கினு வந்தேன். நீ கதவாண்ட நின்னுக்கினு இன்னா சொன்ன? சொல்லு. சொல்ல மாட்ட, நான் சொல்றேன். இந்த மூஞ்சிய எதுக்க வச்சுக்கினு எப்படி சோறு தின்றதுன்னு கேட்ட. அவ காதுபடக் கேட்ட.

அந்தக் கொத்துக்காடு யாரு போட்டது? ஏர் எறங்காத சரிவு அது. நாலு வருசம் அவ ஒருத்தி கொத்தால கொத்தி, கல்லு பொறுக்கி வரப்பு வச்சா. இன்னிக்கு லாரியில ஏத்தறியே புளி, அந்த மரத்துல பாதி அவ ஓடையிலேந்து தண்ணி சொமந்து ஊத்துனது. எங்க அதுல பங்கு கேட்டுடுவாளோன்னு உனக்கு பயம். அதுக்குத்தான் ஊரக் கூட்டுன.

அறுத்து வுட்டதோட முடிஞ்சிருக்கலாம். மண்ணு தீர்த்தே ஆவணும்னு நின்னது நீதான். பெரியவங்களே வேணாம்னாங்க. பங்காளிங்க வெட்டிக்கினா பண்றது அது, புருசன் பொண்டாட்டிக்கு இன்னாத்துக்குன்னாங்க. நீ கேட்டாத்தான. உன் காட்டு மண்ண அவ கையில குடுத்து சாமி முன்னால தூவ வச்சாங்க. அவளுக்குன்னு மண்ணு இல்லாததால வழியில கெடந்த மண்ண வாரி உன் கையில குடுத்தாங்க. ஒருத்தர் மண்ண ஒருத்தர் இனிமே மிதிக்கறதில்ல. மிதிச்சா ஊர்ல சேர்த்தி இல்ல. அவன் வூட்டு நல்லதுக்கும் ஆளு வராது, பொணம் தூக்கவும் ஆளு வராது. ஊர்க்கவுண்டர் அப்பவே சொன்னாரு, இது ரெண்டு பேரையும் கட்டும், யோசிச்சுக்கோன்னு. நீ சிரிச்ச. இவளுக்கு ஏது மண்ணு, நான் மிதிக்கறதுக்குன்ன. ஊரே சிரிச்சுது. அவ முந்தானையால அந்தக் கண்ண மூடிக்கினு அங்கதான் நின்னுக்கினு இருந்தா. சிரிச்சவங்க ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும். அவங்கள வுட்டுட்டேன். உன்ன வுடல.

தப்புதான்றே. இன்னிக்குத்தான் தெரியுதா? லாரி வந்து ரோட்டுல நின்ன அப்பாலதான் தெரியுதா?

கால்ல வுழாத. எழுந்திரு, ச்சீ, எழுந்திருன்றேன். வேட்டியெல்லாம் சாம்பலு.

நான் குடுக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்? எனக்குன்னு புள்ளயா குட்டியா. அவரு போயி எட்டு வருசம் ஆச்சு, பட்டா என் பேருக்கு வந்துடுச்சு. இருக்கறத வாரிக் கட்டிக்கினு நான் எங்க போகப் போறேன். குடுத்துடணும்னு எனக்கும் தோணிக்கினேதான் இருந்துது.

அதான் குடுத்துட்டேன். போன செவ்வாக்கிழம போளூர் போயி, ரிஜிஸ்தர் ஆபீசுல கைநாட்டு வச்சுட்டு வந்தேன். உன் எல்லைய ஒட்டி, ஓடையிலேந்து பாரஸ்ட் கல்லு வரைக்கும், இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடி. பத்தடி இல்ல, இருவது அடி அகலம். பூங்கோதை பேருக்கு.

அவளும் கூடத்தான் வந்தா. திரும்பி பஸ்ஸு மலை ஏறறப்போ ஒரே ஒரு வார்த்த கேட்டா, அவருக்குத் தெரியுமாக்கான்னு. தெரியவரும்னு சொன்னேன்.

ஆமா. இப்ப நீ வந்தது அது மேலதான். வெளுத்துப் போவாத, தெரியாம மிதிச்சதுக்குத் தப்புக் காசு கட்ட வேணாம், ஊர்க்கவுண்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுட்டேன். தெரிஞ்சு மிதிக்கறதுதான் கணக்கு. இப்ப உனக்குத் தெரிஞ்சுடுச்சு. அவரு இன்னா சொன்னாரா? அவனே கேட்டு வாங்குனது, நான் இன்னா பண்ணட்டும்னாரு.

வூட்டுக்கு எப்படிப் போவியா? ரோட்டோட வளைவு வரைக்கும் நடந்து, பாரஸ்ட் ஒத்தையடிப் பாதையில ஏறி, மேட்டச் சுத்திக்கினு எறங்கு. ரெண்டு மைலு இருக்கும். கைய வீசிக்கினு போறதா இருந்தா பெரிய தூரம் இல்ல. மூட்டையோடன்னா கஷ்டந்தான்.

என்னைக் கேட்டு இன்னா ஆவப்போவுது, எழுதிக் குடுத்தாச்சு, இனிமே எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவளத்தான் கேக்கணும். கேளேன். மாடு தர்றேன்னு சொன்னியே, அதையும் சொல்லிப் பாரு. ஆனா குனிஞ்சுக்கினு கேக்காத, அவ மூஞ்சிய நேரா பார்த்துக் கேளு. அவளா மனசு எறங்கி ஊரக் கூட்டி, கட்டு அவுத்துக்கலாம்னு சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லுவாளா மாட்டாளான்னு எனக்கே தெரியாது. கூடப் பொறந்தவதான், இருந்தாலும் அந்தப் பேச்ச அவகிட்ட நான் எடுக்கல.

சந்தையிலேந்து அவ பஸ்ஸு வர்ற நேரந்தான். அங்க போயி நில்லு. ரோடு சர்க்காருது, யார் வேணா நிக்கலாம்.