நானூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள்

நாரின் நகரக் காவல் நிலையம். 2011 மார்ச் 30, புதன்கிழமை, காலை 11 மணி 10 நிமிடம். பதிவு செய்தவர்: கேப்டன் மேதெர்.

எனது பெயர் தோக்தோசுன். தகப்பனார் பெயர் இமான்பெக். வயது 53. நாரின் நகரம், ஆற்றங்கரைத் தெரு, 14ஆம் எண் வீட்டில் மனைவி ஷார்கானுடன் குடியிருந்து வருகிறேன். நாளைக் காலை பத்து மணி வரை அது என் வீடுதான். அதன் பிறகு வங்கியின் வீடா, என் வீடா என்பது இந்த வாக்குமூலத்தைப் பொறுத்தது. தொழில், கடந்த பத்து நாட்களாக, திரையரங்கில் ஆள் எண்ணுவது.

எதிர்த்தரப்பான திரையரங்கக்காரர் எப்படியும் சொல்லப்போவதால் வெட்கக்கேட்டை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். "இறகுக் குதிரை" படத்தின் மூன்றாம் பாகத்தில் ஏழுதலைக் கிழவி குகையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு முறையும், ஐம்பத்து மூன்று வயதான நான், இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். இருபது காட்சியிலும் ஒளிந்தேன். அந்தக் கிழவியாக நடித்திருப்பது என் மனைவி ஷார்கான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் ஒளிந்தேன். தெரிந்திருந்ததால்தான் ஒளிந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அது விசாரணைக்குத் தேவையில்லாதது.

மேற்படி படங்களை எடுத்தவர் என் தங்கை கணவர் எமில். முதல் பாகத்துக்கு வந்த நடிகை அதிகப் பணம் கேட்டதால் ஷார்கானை நடிக்க வைத்தார். ஆறு தலைகள் கம்பளியும் பஞ்சும், நடுத்தலை மட்டும் நிஜம். நடுத்தலைக்கு ஒப்பனைச் செலவே இல்லை என்று எமில் என்னிடம் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, வழக்கின் நன்மைக்காக இப்போது சொல்கிறேன். இதைச் சொன்னபோது தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி இருமினார். கதவு பாதி திறந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

முதல் பாகம் 2007இல் வந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது. ஆனால் மலைநட்சத்திரம் திரையரங்க உரிமையாளர் கோஜோமுரத் காட்டிய கணக்கில் பார்த்தவர்கள் தொள்ளாயிரம் பேர். வசூலில் பாதி எமிலுக்கு என்பது பேச்சு, கையில் வந்தது முப்பத்தாறாயிரம் சோம். இரண்டாம் வாரமே சந்தையில் திருட்டு டிவிடி வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகிற பேருந்துகளில் எல்லாம் ஓடியது. டிவிடியில் எமிலுக்குக் கிடைத்த வருமானம், ஒரு கடைக்காரர் வெட்கப்பட்டுக் கொடுத்த ஒரு கிலோ மிட்டாய். அதில் பாதியை நான் தின்றேன்.

அதன் பிறகு, திரையரங்கக்காரர் சொல்லும் எண்ணை நம்பினால் ஆகாது, எங்கள் நாட்டில் படம் எடுக்கிற எல்லாரும் செய்வதுபோல் சொந்தக்காரர் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆள் எண்ணவேண்டும் என்று எமில் முடிவு செய்து, 2009இல் இரண்டாம் பாகத்துக்கு என்னை அனுப்பினார். நான் தாளில் கோடு போட்டேன். கோஜோமுரத்தின் ஆள் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பதுபோல் வாங்கி, மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு, அமுக்கினால் எண் ஏறும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு இருட்டில் எண்ணினேன். கதாநாயகனின் தாய் சாகும் இடத்தில் அது டிக், டிக் என்று சத்தம் போட்டதால் பின்வரிசையில் இருந்த தலைமையாசிரியை கைப்பையால் என் தலையில் அடித்தார். எண் மறந்துவிட்டது. அந்தத் தடவை கோஜோமுரத் சொன்ன ஆயிரத்து நூறுதான் கணக்கு.

அதன் பிறகு எமில் மூன்றாம் பாகம் எடுக்க வங்கியில் கடன் வாங்கினார். ஈடாக என் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். "மச்சான், இதுதான் கடைசி பாகம். குதிரையக் கொன்னுடறேன். ஜனங்க அழுதா காசு வரும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். கடனில் நிற்பது பதினோரு லட்சம் சோம். கெடு மார்ச் 31.

டிவிடி உரிமையைத் தலைநகரச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ரவ்ஷான் என்பவர் வாங்குவதாகப் பேச்சு. அவர் சொன்ன நிபந்தனை: நாரினில் முதல் பத்து நாளில் நாலாயிரம் பேர் பார்த்தால் ஒன்பது லட்சம் தருவேன், அதில் ஒரு ஆள் குறைந்தாலும் இரண்டு லட்சம்தான். நாரின்காரர்கள் கஞ்சர்கள், நாரினில் ஓடினால் எங்கும் ஓடும் என்பது அவர் அனுபவம். நாலாயிரம் பேர் என்றால் திரையரங்கப் பங்கு இரண்டு லட்சம், டிவிடி ஒன்பது லட்சம், ஆக பதினோரு லட்சம். வீடு தப்பும். ஒரு ஆள் குறைந்தால் வீடு போகும்.

ஆகையால் இந்தத் தடவை நான் வேறு வழி செய்தேன். எங்கள் பக்கம் ஆட்டையும் பிள்ளைகளையும் விரல் நீட்டி எண்ணினால் கேடு என்பார்கள். வாசலில் நின்று ஒன்று, இரண்டு என்று நான் எண்ண ஆரம்பித்தால் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். அதனால் மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு விரல் மடக்கினேன். விரலை மடக்கினால் எண்ணியது ஆகாது. பத்து விரலும் மடங்கியதும், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை ஒன்றைத் துணிப்பையில் போட்டேன். உருண்டைகள் ஷார்கான் செய்தவை, மொச்சைக்கொட்டை அளவு. எங்கள் ஊரில் எல்லாரும் கொறிக்கிற பண்டம் என்பதால், தயிர் உருண்டை கையில் வைத்திருப்பவனை நாரினில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விளக்கு அணைவதற்கு முன்பே, வாசலிலேயே என் வேலை முடிந்துவிடும். நான் இருக்கைக்கு அடியில் போனதெல்லாம் அதன் பிறகுதான் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

மார்ச் 19 முதல் 28 வரை நாளுக்கு இரண்டு காட்சி வீதம் இருபது காட்சி நடந்தது. இருபது துணிப்பை. ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட்டு மாவுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். டிக்கெட் கிழிக்க வேண்டிய ஆள் கிழிக்காமல் முழுசாக வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கவுண்டருக்குத் திருப்பிக் கொடுத்ததையும், அதே டிக்கெட்டை மறுபடி விற்றதையும் நாலு நாள் கண்ணால் பார்த்தேன். 21ஆம் தேதி வசந்தப் பண்டிகை அன்று ஒரே டிக்கெட்டில், மூலையில் எண்ணெய்க் கறை இருந்த டிக்கெட்டில், மூன்று குடும்பம் உள்ளே போனது.

அதன் பிறகு 29ஆம் தேதி காலை கோஜோமுரத்தின் அறைக்குப் போனேன். கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பேர் என்று இருந்தது. நான் நாலாயிரத்து நூற்று இருபது என்றேன். அவர் சிரித்தார்.

"நாலாயிரமா? அண்ணே, பொண்டாட்டியப் பாத்து சீட்டுக்கு அடியில கெடந்தீங்களே, அங்கேருந்து என்னத்த எண்ணுனீங்க, செருப்பையா?"

"செருப்ப எண்ணியிருந்தா எட்டாயிரம் வந்திருக்கும்டா" என்றேன். அதுவரை நன்றாகத்தான் பேசினேன். அதன் பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். குடித்தது தப்பு என்று இப்போது தெரிகிறது, குடித்துவிட்டதால் நான் சமாதானம் ஆகிவிட்டதாக அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

ரவ்ஷானுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "போலீஸ் முத்திரையோட எண்ணிக்கை கொண்டா, ஒத்துக்கறேன். உன் கண்ணீருக்கு எல்லாம் நான் டிவிடி விக்க முடியாது" என்றார். ஆகையால் இன்று இருபது துணிப்பைகளுடன் இங்கே வந்தேன். பைகளை என் முன்னிலையில் அவிழ்த்து, எனாமல் சட்டியில் கொட்டி, காவலர் ஒருவர் எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. அதன் பிறகு காவலர் வெளியே போனார். சட்டி என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. கேப்டன் அவர்கள், "பெரியவரே, இது வாங்கிக்கறதுக்கான எண்ணிக்கை. கையெழுத்துப் போடறப்ப திரும்ப எண்ணுவோம், அதுக்குத்தான் முத்திரை. விதி அப்படி" என்றார். சரி என்றேன்.

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, நான் இருக்கைக்கு அடியில் இருந்தேன் என்பது. அதற்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். இரண்டு, நான் எமிலின் மச்சான் என்பது. உண்மை. ஆள் எண்ணுகிற வேலையை மச்சானைத் தவிர வேறு யாரும் ஓசியில் செய்ய மாட்டார்கள். மூன்று, பயம் வந்தால் கையில் இருப்பதைத் தின்கிறவன் நான் என்பது. இரண்டாம் பாகத்தின்போது என் தொப்பியின் இடதுபக்கக் காதுமடலைத் தின்றது உண்மை. தொப்பியைச் சான்றுப் பொருளாக ஒப்படைத்திருக்கிறேன். ஆனால் இந்த உருண்டைகளில் ஒன்றைக்கூட நான் வாயில் போட்டதில்லை. குதிரை செத்தபோதுகூடப் போடவில்லை. அந்த இடத்தில் முந்நூறு பொம்மை அம்பு பட்டு, இறகெல்லாம் உதிர்ந்து, கோழி மாதிரி விழும் அந்தக் குதிரையைப் பார்த்து, அது மரப்பலகை என்று தெரிந்தும், இருபது தடவை அழுதேன். வாய் காலியாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் வாய் உப்புக் கரித்ததால் தேநீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: மூன்று அறை, ஒரு அடுப்பு, வாசலில் இரண்டு வாதுமை மரம். நேற்று மதியம் வங்கியிலிருந்து ஒருவர் வந்து அறைகளை அளந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஷார்கான் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்து, உலர்த்தி, மறுபடி அதே ஜன்னலில் மாட்டினார். போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாட்டி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "யோவ், வீடு போச்சுன்னா அந்த ஆறு தலையையும் மாட்டிக்கிட்டு, நீ எங்க போனாலும் உன் பின்னாலேயே வருவேன். சீட்டுக்கு அடியிலயும் வருவேன்" என்றார். வீடு போனால் நாங்கள் போகவேண்டிய இடம் மேட்டு மேய்ச்சலில் இருக்கும் அவர் தம்பியின் ஆட்டுக்கொட்டில். தம்பிக்கு என்னைப் பிடிக்காது. ஆடுகளுக்கும் பிடிக்காது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஷார்கான் தாழ்வாரத்திலிருந்து, "இன்னும் எவ்வளவு நேரம்? கதையா சொல்றாரு அந்த மனுஷன்?" என்று கேட்டார். கேப்டன் அவர்கள் "ஆச்சு அக்கா, இதோ ஆச்சு" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கேப்டன் அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் பேச்சு குழறுவதாக அவர் சொன்னதால், திரும்பத் திருத்தமாகச் சொன்னேன்.

எனது கோரிக்கை ஒன்றே. கோஜோமுரத்தைச் சிறையில் போடவேண்டும் என்று கேட்கவில்லை. அவர் மகளின் கல்யாணத்துக்கு நான் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். சட்டியில் இருப்பதை எண்ணி, அந்த எண்ணைத் தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு உருண்டை உபரி இருக்கிறது. உபரியில் வரும் ஆறாயிரம் சோமில் ஒரு ஆடு வாங்கிக் கேப்டன் அவர்கள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார். எழுதுங்கள், என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்றேன்.

மேலே எழுதியிருப்பது நான் சொன்னதுதான். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) தோக்தோசுன், இமான்பெக்கின் மகன்.
பிற்பகல் 3 மணி 5 நிமிடம்.

பதிவு செய்தவர் குறிப்பு: முத்திரை வைக்கும் முன் விதிப்படி சட்டியில் இருந்த உருண்டைகள் மீண்டும் எண்ணப்பட்டன. 399. இரண்டு முறை எண்ணியும் 399. நான்கு மணி நேரமும் மேசையருகே என்னையும் வாக்குமூலம் கொடுத்தவரையும் தவிர வேறு யாரும் இல்லை. நானூறாவது தம் வாயில் இருப்பதாகவும், இன்னும் கடிக்கவில்லை என்றும், அதையும் சேர்த்து எண்ணும்படியும் அவர் சைகையால் கேட்டுக்கொண்டார். சம்மதித்துத் தட்டை நீட்டினேன். அப்போது அவர் மனைவி கதவைத் திறந்து, "எத்தனை?" என்று கேட்டார். அதன் பிறகு வாயைத் திறந்து பார்த்ததில் ஒன்றும் இல்லை.