இடது பக்கமா ஒருக்களிச்சு

ஆமா மிஸ்ஸி, போன வாரம் ஓடுனது நான்தான். வாய்வழியா வயித்துக்குள்ள விடுற அந்தக் கறுப்புக் கொழாயப் பாத்ததும், நீங்க மாட்டிவிட்ட பச்சை ஆஸ்பத்திரிக் கவுனோடயே, முதுகெல்லாம் தெறந்து கெடக்க, லிஃப்ட் வரைக்கும் ஓடுனேன். என் வீட்டுக்காரரு தர்மேந்திரன் ஒரு கையில பாப்பா, ஒரு கையில என் சிலிப்பரு, பின்னாலயே ஓடியாராரு. சாதாரண கேஸ்ட்ரிக்குக்கு ஏன்லா இவ்வளோன்னு கத்துறாரு. கான்வென்ட்ல படிச்ச புள்ளைலா நானு. பாவாட முழங்காலத் தாண்டுனாலே சிஸ்டர் ரோத்தான் பெரம்ப எடுப்பாங்க. அன்னிக்கு என்னயப் பாத்திருந்தா நேரா மேல போயிருப்பாங்க, லிஃப்டே வேணாம்.

இன்னிக்கு ஓட மாட்டேன். சத்தியமா.

இடது பக்கமா? இந்தா, படுத்துட்டேன். முட்டிய மடக்கணும், தாடைய நெஞ்சுக்கிட்ட வச்சுக்கணும், எச்சி வந்தா முழுங்காம வழிய விடணும். எல்லாம் தெரியும் மிஸ்ஸி, வீட்டுல மூணு நாளா ப்ராக்டிஸ். எங்க மாமியா செல்லாயி சுங்காய் ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. இதுக்குன்னே குனோங் ராபாட்ல எங்க வீட்டுக்குப் பஸ் ஏறி வந்து, என்னய சோபாவுல சாச்சு, முதுகுக்குத் தலகாணி முட்டுக் குடுத்து, நீங்க வாயில வைக்கிற வளையத்துக்குப் பதிலா, பாப்பா பல்லு மொளைக்கக் கடிக்கிற ரப்பர் வளையத்த என் வாயில வச்சுட்டாங்க. பாப்பா வீடே அதிர அழுவுறா, அவ சாமான்லா அது. முப்பது வருசம் மரம் வெட்டுனேன், ஒரு மரமாச்சும் இப்படி ஆர்ப்பாட்டம் பண்ணுச்சாடீங்கிறாங்க. மரத்துக்கு நீங்க தொண்டையில கொழா விட்டீங்களா அத்தைன்னு கேக்கலாம்னா, வாயில வளையம்.

ஐயோ, தொண்டை மரத்துப்போக அடிக்கிற இந்த ஸ்ப்ரே என்னா கசப்பு! நாக்கு இருக்கா மிஸ்ஸி, பாருங்க. முருகனையும் கூப்பிட்டாச்சு, மாதாவையும் கூப்பிட்டாச்சு. யாரு ஃப்ரீயோ அவங்க வரட்டும்.

ம், முதுகுக்கு இன்னொரு தலகாணி வைங்க. சொகமாத்தான் இருக்கு. பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டே தூங்குறது இந்தப் பக்கந்தான், எட்டு மாசமா. அதான் முன்னால காலியா கெடந்தா கை தேடுது. உங்க கையப் புடிச்சுக்கட்டா? தேங்க்ஸ் மிஸ்ஸி.

டாக்டர் வந்துட்டாரா? அந்தக் கேமராவுல எல்லாமே தெரியுமா? எல்லாமேவா.

சரி. வளையத்த வைக்கிறதுக்கு முன்னால ஒன்னே ஒன்னு, அப்புறம் பேச முடியாதுல்ல. நான் எழுதிக் குடுத்த அந்த ஃபாரத்துல, ரத்தமா வாந்தி எடுத்தீங்களான்னு கேட்டுருந்துச்சே, இல்லன்னு போட்டேன். என் வீட்டுக்காரரு பக்கத்துலயே நின்னாரு மிஸ்ஸி. அத ஆமான்னு மாத்திடுங்க. ரெண்டு தடவ. பாப்பா துண்டுல பட்டுருச்சு, என்னான்னு கேட்டாரு, செவப்பு ரோஸ் சிராப் கொட்டிருச்சுன்னேன். எங்க வீட்டுல சிராப்பே கெடையாது. பொய்யி நிக்கணுமேன்னு மறுநாளு ஓடிப்போயி ஒரு போத்தல் வாங்கி வச்சேன்.

இப்ப டெய்லி அதத்தான் குடிக்கிறாரு. நல்லா இருக்காம்.

ம். வைங்க.