பை நிறையப் பிழை

“இந்தப் பைக்குள்ளை இருக்கிறது முழுக்கப் பிழை,” என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண், மடியிலிருந்த பெரிய பையைத் தட்டியபடி. சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் போகும் காலைப் பேருந்து. பக்கத்தில் இருந்த இளையவள் எட்டிப் பார்த்தாள். சவர்க்காரக் கட்டிகள் அடைக்கும் அட்டைப்பெட்டிகள். எல்லாம் கோணலாக ஒட்டியவை.

“ஐயோ அக்கா, குப்பையை ஏன் காவிக்கொண்டு வாறியள்?”

“மனேச்சரின்ரை மேசையிலை கொட்டப் போறன். பெட்டி ஒட்டுற புது மெஷினை எங்களுக்குப் பழக்கிவிடச் சொல்லி ரெண்டு தரம் கேட்டனான். வீண் செலவு எண்டுபோட்டார். ஒரு கிழமையிலை எறிஞ்சது இவ்வளவு. ரெண்டு காலமை வேலையை நிப்பாட்டிப் பழக்கினால் இவ்வளவும் மிச்சம். எழுதிக் குடுத்தால் வாசிக்க மாட்டார். இதைப் பாக்கத்தானே வேணும்.”

“ஆர் பழுதாக்கினது எண்டு கேட்டால்?”

“மேலை கிடக்கிறது என்ரை. அதைத்தான் முதல் காட்டுவன். பதினொரு வருசமா நிக்கிற எனக்கே பிழை வருது எண்டால், நேற்று வந்த பிள்ளையள் என்ன செய்யும்?”

இளையவள் பேருந்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் குளிர்கோட்டின் உள்பையிலிருந்து நசுங்கிய பெட்டிகள் மூன்றை எடுத்தாள்.

“ஒருத்தரும் காணக்கூடாதெண்டு ஒளிச்சு வைச்சிருந்தனான். இதையும் போடுங்கோ.”

அக்கா பையை விரித்துப் பிடித்தார். “அப்ப நீரும் வாரும். ரெண்டு பேருமாப் போய்க் கதைப்பம்.”

அவர்கள் இறங்கும்போது பையின் ஒரு பிடி இளையவளின் கையில் இருந்தது.