அண்ணன் அங்கியில் வந்த நாள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! முன்னோர் தோப்பைக் காக்கும் மூப்பர்களே! முரசு முழக்கும் மேளக்காரர்களே! எவர் வாழ்த்தின்றி எகுங்குன் ஓரடியும் எடுத்து வைக்காதோ, அந்தத் தாய்மார்களே! ஒயேவோலே என்னும் நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறேன்.

எகுங்குன் என்றால் என்ன? வெறும் துணியா? வீதியில் கிளம்பும் தூசியா? அடுக்கடுக்காய்த் தைத்த அங்கியில், முகத்தை மூடிய வலைக்குப் பின்னால், மாண்டவர் மீண்டு வருகிறார்! மகளை வாழ்த்துகிறார், மருமகனை அதட்டுகிறார், தவறியவனைத் தெருவில் நிறுத்தித் தட்டிக் கேட்கிறார்! 'உள்ளே யார்' என்றா கேட்கிறாய், பின்வரிசைத் தம்பி? அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிவிடு!

அவர் குரல் தொண்டைக்குள் கரகரக்கும், உங்களுக்குப் புரியாது. அதைக் கேட்டு ஊருக்குப் பொருள் சொல்பவன் நான். இருபது ஆண்டுகளாக நான் சொன்னதைத்தான் நம்பினீர்கள்.

போன ஆண்டு என் அண்ணன் அலாபி படகு கவிழ்ந்து ஆற்றோடு போனான். அவன் மனைவி மொரேனிகே சூனியக்காரி, அவள்தான் அவனைத் தின்றாள் என்று ஊர் முணுமுணுத்தது. அந்த ஆண்டுத் திருவிழா அன்று அண்ணனுக்கென்று தைத்த அங்கி தோப்பிலிருந்து வந்தது. உச்சி வெயில். மழையைப் பார்த்து மூன்று மாதம். ஆனால் அங்கி நனைந்திருந்தது! சொட்டச் சொட்ட நனைந்திருந்தது! வந்த வழியெல்லாம் ஈரம்!

மேளம் நின்றுவிட்டது. மொரேனிகே மண்டியிட்டுக் கதறினாள். "உங்கள நான் எதுவும் செஞ்சேனா? ஊருக்குச் சொல்லுங்க!"

அங்கி அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பியது. "டேய் தம்பி, படகு கவுந்தப்போ ஒன் காலப் பிடிச்சேனே, ஏன்டா ஒதச்ச?"

ஐயோ! அந்த ஆற்றில் எங்கள் இருவரைத் தவிர யார் இருந்தார்கள்?

"என்னய்யா சொல்லுது? வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்று நீங்கள் கத்தினீர்கள். நான் சொன்னேன்: "பொண்டாட்டிதான் தின்னுட்டாளாம்."

கல்லெடுத்தீர்கள். கைக்குழந்தையோடு அவளைக் காட்டுப் பாதையில் விரட்டினீர்கள். நானும் ஒரு கல் எறிந்தேன்.

கூச்சல் வேண்டாம்! தலைவரே, முடித்துவிடுகிறேன். அன்று முதல் விடிந்தால் என் வாசலில் ஈரக் கால்தடம். வெயில் ஏறினாலும் காய்வதில்லை. நேற்று அவளைத் தேடிப் போய்க் காலில் விழுந்தேன். "எங்கிட்ட எதுக்கு அழற? ஊரு முன்னாடி சொல்லு, போ" என்றாள்.

சொல்லிவிட்டேன், அண்ணி! மாண்டவர் பொய் சொல்லவில்லை, மக்களே! மாண்டவர் பெயரால் பொய் சொன்னவன் நான்! இனி ஒருவன் வாயை நம்பி ஒருத்தியின் வாழ்வை எறியாதீர்கள்!

மேளம் கேட்கிறது. அண்ணன் தோப்பைவிட்டுப் புறப்பட்டுவிட்டான். அவன் கேட்டதற்கு இன்று நான் பதில் சொல்ல வேண்டும். பொறுத்துக் கேட்ட பெரியோருக்கு நன்றி. தாய்மார்களே, அதோ சந்தை முனையில் மொரேனிகே நிற்கிறாள், அவளை நடுவில் உட்கார வையுங்கள். வணக்கம். என்னை யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம், நானே இறங்கி அவனிடம் போகிறேன்.